தரை தெரியாத கால்

அம்மா உப்பளத்து வரப்பில் விழுந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சாலம்மாள் சின்னம்மாதான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"உங்கம்மா இன்னிக்குப் பாத்தியில நீச்சல் அடிச்சா, யுவா. கூடையோட."

"வாயை மூடுடி," என்றாள் அம்மா.

"வாரி எடுத்த உப்பு மறுபடியும் தண்ணியாப் போயிடுச்சி. கடலுக்கு ஒரே சந்தோஷம்."

அம்மா திரும்பவில்லை. கரண்டி சட்டியில் இடிக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிதானது.

எங்கள் மரக்காணத்து உப்பளத்தில் ஆண்கள் பலகையால் உப்பை வாரிப் பாத்தியின் ஓரத்தில் ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் துணிச் சும்மாடு வைத்துத் தூக்கி, வரப்பு வழியாக ரோட்டோரத்துக் குவியலுக்குச் சுமந்து போவார்கள். வரப்பு குறுகலானது. ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் நடக்க முடியும். தலையில் பாரம் இருக்கும்போது குனிந்து கால் வைக்கிற இடத்தைப் பார்க்க முடியாது. அதனால் எல்லோரும் தங்களுக்கு முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்து நடப்பார்கள். குதிகால் புதைந்தால் அங்கே சேறு. வழுக்கினால் அங்கே பாசி. வரிசையின் முதலில் போகிறவளுக்கு மட்டும் பார்ப்பதற்குக் குதிகால் கிடையாது. வெயிலில் வரப்பும் பாத்தியும் ஒரே வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும். அவள் உள்ளங்காலால்தான் வழியை அறிய வேண்டும். அவளை முன் ஆள் என்பார்கள்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அம்மாதான் முன் ஆள். கொளஞ்சியம்மாள் வரிசை என்றுதான் அதற்குப் பெயர்.

அவள் விழுந்ததும் பின்னால் வந்தவர்களும் சாய்ந்துவிட்டார்கள். ஒருத்திக்கு முழங்கை உரிந்துவிட்டது. மேஸ்திரி இருசப்பன் திட்டவில்லையாம்.

"திட்டியிருந்தாகூடப் பரவால்ல," என்றாள் சின்னம்மா. "'ஏம்மா கொளஞ்சி, வயசாவுதில்ல, பின்னாடி வாயேன், சாலம்மா முன்னாடி போவட்டும்'னு சொல்றான். தேன் ஒழுவுது பேச்சுல."

"போயேன். உனக்கு ஆசைதானே."

"எனக்கா? இத்தினி வருஷமா உன் குதிகாலைத் தவிர வேற எதையும் பாத்ததில்ல. என்னை முன்னாடி விட்டா எல்லாரையும் நேரா கழுவேலி ஏரியில கொண்டுபோய் இறக்கிடுவேன்."

அம்மா அதற்குச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

சின்னம்மா போன பிறகு சாப்பிட்டோம். அப்பா சென்னையில் செக்யூரிட்டி வேலையில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ போற எடத்துல நிக்கிறதுக்கே சொல்லித் தராங்கன்னு சொன்னியே?"

"ம்."

"எனக்கும் சொல்லிக் குடு. மழைக்கு முன்னாடி பெரிய உப்பு வாரல் இருக்குது. அதுக்குள்ள நான் சரியாவணும். என்னைப் பின்னாடி போவச் சொல்ல அவன் யாரு?"

நான் அந்த வேலையில் சேர்ந்தபோது, நிற்பதற்குமா படிப்பு என்று தெருவே கேட்கும்படி சிரித்தவள் அவள்.

நான் விலங்கியல் படித்தவள். திண்டிவனத்தில் கல்லூரி. வகுப்பிலேயே நான்தான் உயரம். யாரும் என்னைப் பார்க்கக் கூடாது என்று தோளைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி நடப்பேன். கொக்கு என்று பெயர் வைத்தார்கள். படிப்பு முடிந்து, இடையஞ்சாவடி பக்கம் ஒரு யோகா கூடத்தில் பாய் விரிக்கவும் பெயர் பதியவும் ஆள் வேண்டும் என்றபோது சேர்ந்தேன். அங்கே பேச வேண்டிய தேவை குறைவாக இருந்தது. அது எனக்குப் பிடித்தது.

கூடத்தில் சொல்லித்தருகிற மேரிசெல்வி அக்கா முதல் வாரத்திலேயே என்னைக் கவனித்துவிட்டார். "யோகாவை இங்க வந்து செஞ்சிட்டுப் போறது பெருசில்ல, யுவராணி. பஸ்ஸுக்கு எப்படி நிக்கிற? பாத்திரம் எப்படி தேய்க்கிற? போனை எங்க வெச்சுப் பாக்குற? அதைக் கவனி. திருத்தக்கூட வேணாம். முதல்ல கவனி" என்றார்.

கவனித்தேன். பஸ்ஸில் நிற்கும்போது எடை முழுவதும் ஒரே காலில் இருந்தது. யாராவது பேச வந்தால் என் தோள் காதை நோக்கி ஏறியது. மூச்சு நின்றது. கவனித்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்தது. அப்படியே சில மாதங்களில் கொஞ்சம் நிமிர்ந்திருந்தேன். இப்போது உள்ளூர்ப் பெண்கள் வரும் காலை வகுப்பில் அக்காவுக்குத் துணையாக நிற்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்தேன். குதிகால், பின்பக்கம், தோள், பின்தலை எல்லாம் சுவரைத் தொட வேண்டும். கூடத்துக்கு வருகிறவர்களுக்கு இதுவே கஷ்டம். எனக்கு இன்னும் பின்தலை எளிதில் தொடாது. அம்மா போய் நின்றாள். எல்லாம் தொட்டது. முகவாய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நூல் பிடித்ததுபோல் நின்றாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

சின்னம்மாவும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "ஏய் யுவா, உங்கம்மாவை அங்க டீச்சரா சேத்து விட்டுடு. நீ வந்து கூடை தூக்கு."

"அவ கூடை தூக்கினா உப்பெல்லாம் என் தலைமேலதான் கொட்டும்," என்றாள் அம்மா. "நடக்கும்போது தரையில எதையோ தொலைச்சவ மாதிரியே நடப்பா."

நான் சிரித்தேன். அம்மாவின் முதுகைப் பார்த்துப் பொறாமையாகவும் இருந்தது. இவ்வளவு நேராக நிற்கிற உடம்புக்கு ஒன்றும் இருக்காது, கால் எங்கோ தவறியிருக்கிறது, கவனித்து நடந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாத்திரம் தேய்க்கும் கல்லை உயர்த்தி வைத்தேன். தண்ணீர்க் குடம் எடுக்கும்போது இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் ஒருமுறை சொன்னதும் செய்தாள்.

பிறகு சுவரை விட்டுத் தள்ளி வந்து, பாதங்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடச் சொன்னேன்.

கண்ணை மூடிய உடனே அம்மா ஆடினாள். முதலில் லேசாக. பிறகு வெட்டிய வாழைபோல் என்மேல் சரிந்தாள். நான் பிடிக்காமல் இருந்திருந்தால் விழுந்திருப்பாள்.

சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாரம் இல்லாம நிக்கத் தெரியலடி உனக்கு!"

அது எங்கள் உப்பளத்தில் எல்லோரும் சொல்வது. கூடையை இறக்கி வைத்ததும் கொஞ்ச நேரம் தரை ஆடும். வாரல் இல்லாத மாதங்களில் பாதி பேருக்குத் தள்ளாட்டம் இருக்கும். தலைக்குப் பாரம் பழகிவிட்டது, பாரம் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். சின்னம்மா உள்ளே போய் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் தலையில் வைத்தாள். அம்மா கண்ணைத் திறந்தபடி ஆடாமல் அசையாமல் நின்றாள்.

"பாத்தியா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "தலையில ஒண்ணும் வைக்க வேணாம். பாதத்துல இருந்து ஆரம்பி. தரை எப்படி இருக்குன்னு கேளு. அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கு வந்து சொல்லு."

அன்று சாயங்காலம் அம்மாவும் சின்னம்மாவும் சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நின்றார்கள். அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பாதமும் தரையை எங்கெல்லாம் தொடுகிறது என்று கவனித்துச் சொல்லச் சொன்னேன். அவசரம் இல்லை என்றேன்.

சின்னம்மா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"ஐயோ, சில்லுன்னு இருக்குதுடி," என்றாள். குரல் சின்னப் பெண்ணுடையதுபோல் இருந்தது. "குதிகால்லதான் நிக்கிறேன் போல. வெரலெல்லாம் சும்மா கெடக்குது. கட்டைவிரலுக்குக் கீழ ஒரு மணல் இருக்குது, யுவா. ஒரே ஒரு மணல். நறநறன்னுது."

"உனக்கு எப்படிம்மா?"

"தரையில கால் வெச்சா தரையிலதான் இருக்கும். இதுல என்ன சொல்றது?"

"தரை எப்படி இருக்குது?"

அம்மா யோசித்தாள். "மெத்துன்னு இருக்குது. பஞ்சு மூட்டை மேல நிக்கிற மாதிரி."

"உப்புக் காலுடி," என்றாள் சின்னம்மா. "நம்ம காலுக்கு என்னா தெரியும்? முள்ளு ஏறினாகூட வீட்டுக்கு வந்து கழுவும்போதுதானே பாக்குறோம்."

உப்பில் நின்று நின்று அவர்கள் உள்ளங்கால் மாட்டின் குளம்புபோல் தடித்திருக்கும். அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். உரித்த தேங்காய் ஓடுபோல் இருந்தது. சரி, அதனால்தான் என்று எனக்கும் பட்டது. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கச் சொன்னேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. "விடுடி, காலைப் புடிச்சிக்கிட்டு," என்று இழுத்துக்கொண்டாள்.

தினமும் செய்தோம். அம்மா நாளுக்கு நாள் தேறினாள். கண்ணை மூடி நின்றால் முன்புபோல் சரியவில்லை. லேசாக ஆடுவாள், அவ்வளவுதான். ஒரு நாள் சுவரில்லாமல், நான் பிடிக்காமல், வெகுநேரம் நின்றாள். எனக்குக் கண் நிறைந்தது. நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து அவர் தேறியது அதுதான் முதல் தடவை.

"போதும், மேஸ்திரிகிட்ட சொல்லிடு," என்றாள் அம்மா. "வரிசை கொளஞ்சியோடதுதான்னு."

வானிலை அறிக்கையில் மழை என்றார்கள். கடல் பக்கம் மேகம் சேர ஆரம்பித்திருந்தது. பாத்தியில் முற்றி நிற்கிற உப்பை மழைக்கு முன் கரையேற்ற வேண்டும். மறுநாள் காலையில் பெரிய வாரல் என்று இருசப்பன் ஆள் அனுப்பிச் சொன்னான்.

அன்று சாயங்காலம் நான் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்து வாசல் வழியாக அவள் முகத்தில் விழுந்தது. மூடிய இமைகளுக்கு நடுவே மெல்லிய கோடாக ஏதோ மின்னியது.

"கண்ணைத் திறந்து வெச்சிருக்க."

"இல்லியே."

"எத்தினி நாளா?"

அம்மா கண்ணை முழுசாகத் திறந்தாள். சுவர்ப் பக்கம் பார்த்தாள். "மூடினா தரை காணாம போயிடுதுடி," என்றாள். "நீ சந்தோஷப்பட்டியா, அதான்."

எனக்குச் சின்னம்மாவின் அந்த ஒற்றை மணல் ஞாபகம் வந்தது. இருவரும் ஒரே வருஷம் உப்பளத்துக்கு வந்தவர்கள். ஒரே பாத்தி, ஒரே வரப்பு, ஒரே உப்பு. சின்னம்மாவின் உள்ளங்காலும் இதே ஓடுதான். அந்தக் கால் ஒரு மணலை அறிகிறது. அம்மாவின் கால் தரையையே அறியவில்லை. பரிசோதனைக்கூடத்தில் இப்படி இரண்டு மாதிரிகள் இருந்தால் தடித்த தோல் காரணம் என்று எழுதியிருக்க மாட்டேன்.

"கொஞ்சம் படு, ம்மா. கண்ணை மூடிக்கோ. படுத்துக்கிட்டா விழமாட்ட."

பாயில் மல்லாந்து படுத்தாள். சேலைத் தலைப்பை எடுத்து அவள் கண்மேல் போட்டேன்.

"நான் எங்க தொடுறேன்னு சொல்லு."

பாதத்தின் மேல்பக்கம் தோல் மெல்லியது. அங்கே உப்பு தடிக்கவைக்காது. விரல்களின் மேலே தொட்டேன். அம்மா பேசவில்லை. கணுக்காலைப் பிடித்தேன். பெருவிரலைப் பிடித்து மேலே மடக்கினேன், கீழே மடக்கினேன். கையை மெதுவாக முழங்காலை நோக்கி ஏற்றினேன். கெண்டைக்காலை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி," என்றாள் அம்மா தலைப்புக்கு உள்ளிருந்து. "இன்னும் ஆரம்பிக்கலியா?"

அக்காவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இது நம்ம வேலை இல்ல, யுவராணி. டாக்டர்கிட்ட போ. நாளைக்கே போ. தலையில எதையும் வைக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. மழை முடியட்டும், வாரல் முடியட்டும் என்றாள். நாளைக்குத் தான் போகாவிட்டால் இருசப்பன் சொன்னது சரி என்றாகிவிடும் என்றாள். நான் குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவள். கொஞ்சம் உயர்த்தினேன். "நாலு எழுத்து படிச்சிட்டா காலு எனக்கு இல்லன்னு சொல்லிடுவியா?" என்று கத்திவிட்டு எழுந்து போனாள்.

விடிந்து நான் எழுந்தபோது அவள் போயிருந்தாள். சும்மாடுத் துணி ஆணியில் இல்லை.

நான் கூடத்துக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு உப்பளத்துக்கு நடந்தேன். கடைசியாக எப்போது அங்கே போனேன் என்று ஞாபகமில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்கள். அதற்காகவே போவதில்லை. ரோட்டோரத்தில் உப்புக் குவியல் பாதி உயரம் ஏறியிருந்தது. மேகம் கிழக்கே கறுத்து நின்றது. காற்று உப்பும் ஈரமுமாக வீசியது. குவியலின் அருகில் நின்று இருசப்பன் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தான்.

வரப்பின் மறுகோடியில் வரிசை கிளம்பியிருந்தது.

அம்மாதான் முதலில். கழுத்து நேராக, தோள் தணிந்து, கூடை கொஞ்சமும் அலுங்காமல் வந்தாள். அந்த வரிசையில் அவ்வளவு அழகாக நடந்தது அவள் ஒருத்திதான். அறியாதவர்கள் பார்த்தால் இவளுக்கு என்ன என்றுதான் கேட்பார்கள். நான் அவள் பாதங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் தேவைக்கு மேல் உயரத் தூக்கி, அறைவதுபோல் தரையில் வைத்தாள். தரை இருக்கிறதா என்று சத்தத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள்போல.

நடுவில் நிறுத்தச் சொல்ல முடியாது. முன் ஆள் நின்றால் பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் உப்புநீர். விலகி வழிவிடவும் இடமில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினேன்.

"ஏய், யாருமா அது? ஆள் வராங்க தெரியல? வழியை வுடு!" இருசப்பன் பின்னால் கத்தினான். பாத்தியில் பலகை பிடித்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என் தோள் காதுக்கு ஏறுவது எனக்குத் தெரிந்தது. நடந்தேன். வரப்பு சில்லென்று இருந்தது. ஒரு இடத்தில் புதைந்தது, ஒரு இடத்தில் வழுக்கியது. என் கால் எல்லாவற்றையும் சொன்னது.

பாதி தூரத்தில் அம்மாவுக்கு எதிரில் நின்றேன்.

"தள்ளுடி," என்றாள் பல்லைக் கடித்தபடி. "தள்ளு."

"நான் முன்னாடி போறேன். என் குதிகாலைப் பாரு."

"யுவா, மானத்தை வாங்காத."

"என் குதிகாலைப் பாரும்மா."

திரும்பி நடந்தேன். பின்னால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த அறைகிற காலடி கேட்டது. நான் எங்கே மெதுவாக வைத்தேனோ அங்கே அதுவும் மெதுவாக வந்தது. புதைகிற இடத்தை ஓரமாகத் தாண்டினேன், அதுவும் தாண்டியது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சி மவளா, வளத்தியா இருக்குதே என்று யாரோ சொன்னார்கள். நான் குனியவில்லை. குனிந்தால் வேகம் மாறும், பின்னால் வருகிறவளுக்கு அது ஆகாது.

குவியலில் அம்மா கூடையைக் கவிழ்த்தாள். உடனே என் பக்கம் திரும்பினாள். அடிக்கத்தான் கை ஓங்கினாள் என்று நினைக்கிறேன்.

"கொளஞ்சி," என்றாள் சின்னம்மா. தன் கூடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். "காலைத் தூக்கு."

"என்னாத்துக்கு?"

"தூக்குடி. அங்க இருந்து பாத்துக்கிட்டே வரேன். நீ வெச்ச எடமெல்லாம் செவப்பா இருக்குது."

அம்மாவின் குதிகாலில் ஒரு கிளிஞ்சல் துண்டு குத்தி ஏறியிருந்தது. சுற்றிலும் தோல் கிழிந்து, ரத்தமும் உப்புச் சேறும் கலந்து ஒட்டியிருந்தன. சின்னம்மா துண்டைப் பிடுங்கினாள். கைக்கு அருகில் இருந்த குடத்திலிருந்து நல்ல தண்ணீர் என்று நினைத்து ஊற்றினாள். அது பாத்தியின் உப்புநீர். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பல் கூசியது.

அம்மாவின் முகத்தில் எதுவும் இல்லை.

"எரியலியாடி?" என்றாள் சின்னம்மா. அவள் குரலில் கேலி போயிருந்தது. "கொளஞ்சி, எரியலியா உனக்கு?"

அம்மா தன் காலைப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள். பிறகு உப்புக் குவியலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இருசப்பன் அவசரமாக வந்தான். "ஏம்மா, மழை வருது, எல்லாரும் இப்படி உக்காந்தா..." என்று ஆரம்பித்தவன், காலைப் பார்த்து நிறுத்தினான். "சாலம்மா, நீ முன்னாடி போம்மா" என்றான், யார் முகத்தையும் பார்க்காமல்.

சின்னம்மா கூடையை எடுத்தாள். நேராக ஏரிக்குப் போவேன் என்று அவள் அப்போது சொல்லவில்லை. மழை மத்தியானம் பிடித்துக்கொண்டது. பாதி உப்பு கரைந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் முழங்காலைச் சின்னச் சுத்தியால் தட்டினார். கால் அளவுக்கு மீறி எகிறியது. நல்லதுதானே என்று அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அவ்வளவு எகிறுவது நல்லதல்ல, நரம்பில் எங்கோ கோளாறு. தலையைக் குனியச் சொன்னார். குனிந்ததும் அம்மா "ஆ" என்றாள். முதுகு வழியாகக் கரண்டு இறங்குகிறது என்றாள். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார்.

"அது எப்பவும் இருக்கிறதுதானே, சார். குனியிற வேலை நமக்குக் கம்மி. அதனால கவனிச்சதில்ல."

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தெலும்புகள் தேய்ந்து, உள்ளே போகும் தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தன. படத்தில் எனக்கே தெரிந்தது. வெள்ளையாக இறங்கி வந்த கோடு ஒரு இடத்தில் நூலாக மெலிந்திருந்தது.

"முதுகு நேராத்தானே சார் இருக்குது?" என்றாள் அம்மா. "இவளைப் பாருங்க. இவதான் கூனி நிப்பா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்துகொண்டேன்.

ஆபரேஷன் செய்யலாம், செய்தால் இதற்குமேல் மோசமாகாமல் தடுக்கலாம், காலில் போன உணர்வு திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். தலையில் இனி ஒரு கிலோகூட வைக்கக் கூடாது என்றார். அம்மா அதைத் திரும்பச் சொல்லச் சொல்லி ஒருமுறை கேட்டாள். அவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார்.

அப்பா லீவு போட்டு வந்தார். ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் பட்டையுடன் வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டுத் திரும்பப் போனார்.

இப்போது வாரல் இல்லை. மழைக்காலம். பாத்திகளெல்லாம் ஒரே தண்ணீராக, எது வரப்பு என்று தெரியாமல் கிடக்கின்றன. சின்னம்மா வருகிறாள். உட்காருகிறாள். சொந்தக்காரர்கள் கல்யாணத்தைப் பற்றியும் மாதா கோயில் மைக் செட்டைப் பற்றியும் பேசுகிறாள். வரிசையைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு நாள் மட்டும், போகும்போது வாசலில் நின்று, "முன்னாடி பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லடி, கொளஞ்சி. வெறும் வெள்ளையா இருக்குது" என்றாள். அம்மா தலையாட்ட முடியாமல் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் அம்மா தானாகவே சுவரோரம் போய் நிற்கிறாள். டாக்டர் அனுமதித்தது அவ்வளவுதான். சுவர் பிடித்து நிற்பது, பாதத்தைக் கவனிப்பது, மூச்சு விடுவது. கழுத்துப் பட்டையோடு அவளால் குனிய முடியாது. தன் காலைத் தானே பார்க்க முடியாது. அதனால் நான் எதிரில் நின்று குனிந்து பார்க்கிறேன்.

நேற்று நின்றுகொண்டிருந்தபோது கேட்டாள்.

"கால் தரையில இருக்குதா?"

"இருக்குதும்மா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் எதையோ கேட்பதுபோல் நின்றாள். கீழேயிருந்து ஏதாவது சொல்லுமா என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"நீ ஏன்டி கூனி நிக்கிற? எத்தினி தடவ சொல்றது? நிமிந்து நில்லு."

"நிமிந்தா உன் கால் தெரியாதும்மா."

அம்மா சுவரிலிருந்து கையை எடுத்தாள். கண்ணை மூடினாள். இந்த முறை முழுசாக மூடினாள். இமைகளுக்கு நடுவே எதுவும் மின்னவில்லை. மூடிய உடனே ஆட ஆரம்பித்தாள்.

நான் குனிந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டி வைத்திருந்தேன்.